கும்மி வட்டத்தின் நடுவே ஒரு காது

வள்ளி கும்மி அரங்கேற்ற வீடியோவை மொபைலில் பார்க்கும்போது உங்கள் கால் தானாகத் தாளம் போட்டிருக்கிறதா? அதே வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். டிரோன் மேலே பறக்கும், விளக்கு மின்னும், ஒரே நிறச் சேலையில் முந்நூறு பெண்கள் அழகாகச் சுற்றிவருவார்கள். கால் மட்டும் அசையாது! வாத்தியார் குரல், கைதட்டு, காலடி மூன்றும் சேர்ந்து காதில் விழுந்தால்தான் கும்மி நம் உடம்புக்குள் இறங்குகிறது. அந்த மூன்றையும் திடலிலிருந்து பிடித்து நம் வீட்டுக்குள் கொண்டுவரும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அப்பப்பா, அதற்குள் எவ்வளவு இருக்கிறது! வாங்க, மூங்கில் தடுப்பைத் தாண்டி உள்ளே போகலாம்.

கொங்கு நாட்டில் இப்போது கும்மிக்கு நல்ல காலம். அன்னூர், அவிநாசி, காங்கேயம், கோபி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு கோயில் திடலில் சாயங்காலப் பயிற்சி நடக்கிறது. முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதையைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் பாடி ஆடுகிறது, பேத்தி எடுத்த அமுச்சியும் பாடி ஆடுகிறார். கோவை மாவட்டத்தின் மூத்த கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்பதும் அவருக்குச் சேர்ந்த பெருமை. இன்றைக்குத் திடல் நிறையப் பெண்களைப் பார்க்கும்போது அந்தப் பெருமை எவ்வளவு பெரியது என்று புரிகிறது.

முதலில் காதைத் திறக்கணும்

நான் போன திடலில் ஆட்டம் ஆறரைக்கு. ஒலிப்பதிவுக்காரர் மூன்றரைக்கே வந்து இறங்கிவிட்டார். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. அதனால் நோம்பி, அதாவது திருவிழாக் கமிட்டிக்காரர்கள் நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடிப்பார்கள். இவர் அதற்கு முன்னால் தயாராக வேண்டும்.

வந்ததும் பெட்டியைத் திறப்பார் என்று காத்திருந்தேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, காலித் திடலின் நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார்! அப்படியே நிற்கிறார். கூட வந்த பையன் மட்டும் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மேற்கே விசைத்தறி. வடக்கே ஜெனரேட்டர். அரசமரத்தில் காக்கை. பின்பக்கம் ரோட்டில் ஏற்றத்துக்கு கியர் மாற்றும் லாரி.

விசைத்தறிச் சத்தம் என் காதில் விழவே இல்லை. அவர் சொன்ன பிறகுதான் கேட்டது. நம் மூளை பழகிய சத்தத்தைத் தானாகவே ஒதுக்கிவிடும். சோமனூரிலும் பல்லடத்திலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். மைக்குக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. எது வந்தாலும் அப்படியே எழுதிவைக்கும். அதனால்தான் மைக்கை வைப்பதற்கு முன்னால் மனிதக் காது மைக்காக மாற வேண்டியிருக்கிறது. பத்து நிமிஷத்தில் ஜெனரேட்டர் வண்டி கோயில் மதிலுக்குப் பின்னால் போனது. பாதிச் சத்தம் அங்கேயே செத்தது.

அடுத்தது காற்று. கொங்கு நாட்டில் வெளியிடத்து ஒலிப்பதிவுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் கோவைக்குள் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். ஆடி மாசம் அம்மியே நகரும் என்கிறோம், மைக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடு என்ன ஆகும்! காற்று அதன்மேல் நேராக மோதினால் பதிவு முழுக்க 'புர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். அப்படிப் பதிந்ததைப் பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு துடைத்தாலும் பாட்டும் சேர்ந்து தேயும்.

மருந்து என்ன தெரியுமா? ரோமம்! மைக்குக்கு நீளநீளமான ரோமம் வைத்த உறை போடுகிறார்கள். காற்றின் வேகம் ரோமத்துக்குள் சிக்கிச் சிதறிவிடும், ஒலி மட்டும் உள்ளே போகும். சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று மூன்று உறைகள் வெளியே வந்ததும் திடலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணா, இது நாய்க்குட்டிங்களா?"

"இல்ல கண்ணு, இது காது. தொடாம பாரு."

காற்றிரைச்சலைக் குறைக்க மிக்ஸரில் இன்னொரு வழியும் உண்டு: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடித்தொண்டை ஒலியை ஒரே பொத்தானில் வெட்டிவிடலாம். வாத்தியார் குரலுக்கு அது சரி. காலடிக்கு வைத்த மைக்கில் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொன்னார். மண் அதிரும் அந்த 'தொம்' ஒலியும் அதே கீழ்த்தளத்தில்தான் குடியிருக்கிறது. காற்றை வெட்டப்போய்க் காலை வெட்டிவிடக் கூடாதே!

வட்டத்தின் கணக்கு

எனக்குப் பைத்தியமே பிடித்த இடம் இதுதான். தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

திடலில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டிருந்தார்கள். குறுக்களவு ஏறக்குறைய 60 மீட்டர். ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். இப்போது கேமராவுக்குப் பக்கத்தில், வட்டத்தின் ஓரத்தில் மைக்கை வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு பேரும் ஒரே கணத்தில் கைதட்டுகிறார்கள். மைக்குக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மணியின் தட்டு உடனே வந்துவிடும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் தட்டு 60 மீட்டர் நடந்து வர வேண்டும், 0.17 நொடி பிடிக்கும். இடையில் நிற்பவர்களின் தட்டெல்லாம் இடையிடையே வந்து விழும். ஆட்டக்காரர்கள் சுத்தமாகத்தான் தட்டியிருப்பார்கள், பதிவிலோ அது 'டப்' என்று விழாமல் 'ட்ரப்ப்ப்' என்று இழுபடும். பார்க்கிறவர்கள், "பயிற்சி பத்தலீங்க" என்று ஆட்டக்காரர்களைக் குறை சொல்வார்கள்!

மைக்கை வட்டத்தின் நடுவில் வையுங்கள். எல்லாரும் ஒரே தூரம், 30 மீட்டர். முந்நூறு தட்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும். டப்! டப்! டப்!

நடுவில் யார் நிற்கிறார்? வாத்தியார்! அவர் காதுக்கு அத்தனை தட்டும் ஒன்றாக வருகிறது. அவர் குரலும் அத்தனை பேருக்கும் ஒன்றாகப் போய்ச் சேர்கிறது. யார் அரை இம்மி பிந்தினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். இதற்காகத்தான் முன்னோர் வட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வட்டம் இந்த வசதியைத் தன்னாலே தந்துவிடுகிறது. தாளம் தப்பாமல் ஆட உலகத்தில் இதைவிட நல்ல வடிவம் கிடைக்குமா?

இந்தத் திடலில் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் நடுவில்தான் நிறுத்தியிருந்தார்கள், நான்கும் வாத்தியாருக்கு முதுகு காட்டி வெளியே பார்த்தபடி. வாத்தியார் பெட்டிகளுக்குப் பின்னால் இருப்பதால் அவர் மைக் கீச்சென்று ஊளையிடுவதும் குறைகிறது.

ஆனால் கைதட்டுக்கு உதவுகிற 30 மீட்டர், காலடிக்கு ரொம்பத் தூரம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் விழுந்துவிடும். அதனால் காலடிக்கென்று இரண்டு மைக்குகள் தனியே. சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓரடி உள்ளே, முழங்கால் உயரத்தில், யார் காலிலும் தட்டாதபடி. அவற்றின் முதுகுப் பக்கம் ஒலிபெருக்கியைப் பார்க்கும்படி திருப்பினார். கார்டியாய்ட் வகை மைக் முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும், நேர் பின்னால் வருவதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். இப்படி ஒவ்வொரு மைக்கும் எதைக் கேட்கணும் என்பதோடு எதைக் கேட்கக்கூடாது என்பதையும் யோசித்துத்தான் வைக்கிறார்கள்!

மைக் செட் அண்ணனிடம் ஒரு லைன்

நாலரைக்கு முக்கியமான பேச்சுவார்த்தை. மைக் செட் அண்ணன் டேபிளுக்குப் பின்னால் டீயோடு உட்கார்ந்திருக்கிறார். திடலில் கேட்கும் சத்தம் முழுக்க அவர் ராஜ்ஜியம்.

"அண்ணா, ரெக்கார்டிங்குக்கு ஒரு லைன் வேணுமுங்க."

"லைன் குடுத்தா என்ற சவுண்டு கொறையுமுங்களா தம்பி?"

"துளி கொறையாதுங்க. ஆக்ஸ்ல ஒண்ணு மட்டும் தொறந்து விடுங்க, போதும்."

"அப்பறம் என்னுங்க, எடுத்துக்கோங்க. டீ குடிச்சீங்களா?"

முடிந்தது! ஆக்ஸ் என்பது மிக்ஸரில் இருக்கும் தனி வாசல். திடலுக்காக அவர் வாத்தியார் குரலை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்த வாசலில் போகும் குரல் மாறாமல் இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

மிக்ஸரிலிருந்து வரும் லைனை மட்டும் நம்பினால் போதாதா என்று கேட்டேன். ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டார். வாத்தியார் ஒத்திகைக்குப் பாடிக்கொண்டிருந்தார். குரல் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் ஊரே இல்லை! பூட்டிய அறைக்குள் ஒற்றை ஆள் பாடுவதுபோல் இருந்தது. மைக் போடாத எதுவும் மிக்ஸருக்குள் வராது. கைதட்டுக்கும் காலடிக்கும் கூட்டத்துக்கும் யாரும் மைக் போடுவதில்லையே! திடல் மைக்கை மட்டும் கேட்டால் ஊர் இருக்கிறது, பாட்டின் சொல் கரைந்துபோகிறது. இரண்டும் வேண்டும், தனித்தனியாக வேண்டும். கலக்குவது அப்புறம் வீட்டில்.

லைனை மாட்டியதும் 'உர்ர்ர்' என்று ஓர் உறுமல். அந்த உறுமலுக்கு ஒரு சுருதி உண்டு: 50 ஹெர்ட்ஸ், நம் மின்சாரத்தின் சுருதி. இரண்டு கருவிகள் இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் ஒயர் வழியாக மின்சாரம் சுற்றிவந்து இப்படி முனகும். பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு டப்பாவை எடுத்து நடுவில் மாட்டினார். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர். ஒலியைக் கடத்தும், எர்த் தொடர்பை அறுத்துவிடும். உறுமல் போயே போச்சு! நான் கைதட்டிவிட்டேன்.

கேமராக்களில் ஒரு வேலை பாக்கி. சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதை முதலில் நிறுத்தச் சொன்னார். வாத்தியார் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் கேமரா, "சத்தம் குறைந்துவிட்டதே" என்று தானாக ஏற்றும். காற்றும் தறியும் வந்து நிற்கும். அடுத்த அடியில் முந்நூறு பேர் தட்டியதும் பதிவு உடையும். பாட்டின் ஏற்ற இறக்கம் வாத்தியார் கையில் இருக்கணும், கேமரா கையில் இல்லை.

மூன்று தட்டு

நான்கு கேமரா, ஒரு ரெக்கார்டர், தனித்தனிப் பதிவு. பிறகு எப்படிச் சேர்ப்பது? சினிமாவில் கிளாப் பலகை அடிப்பார்கள். பலகை மூடும் படத்தையும் அந்தச் சத்தத்தையும் பொருத்தினால் எல்லாம் பொருந்திவிடும். கும்மியில் ஒவ்வோர் அடியும் கிளாப்தானே என்று எனக்கு ஒரே உற்சாகம்! அங்கேதான் சூட்சுமம். எல்லாத் தட்டும் ஒன்றுபோல் இருப்பதால் ஒரு தாளம் தள்ளிப் பொருத்தினாலும் கை சரியாக விழும், வாத்தியார் உதடுதான் பாட்டோடு ஒட்டாது. அதனால் ஆட்டம் தொடங்குமுன் ஒலிப்பதிவுக்காரரே நடுவில் போய், எல்லாக் கேமராவுக்கும் தெரியும்படி கையைத் தலைக்கு மேலே தூக்கி மூன்று முறை தட்டினார். வேறெந்தத் தட்டோடும் குழம்பாத தட்டு!

எடிட்டிங்கில் உள்ளங்கை சேரும் அந்தப் படத்தைக் கண்ணால் பிடித்துப் பொருத்த வேண்டும். பின்வரிசைக் கேமரா 35 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் சொந்த மைக்குக்குத் தட்டு போய்ச்சேர 0.1 நொடி ஆகும். நொடிக்கு 25 படம் என்றால் இரண்டரைப் படம் பிந்தும். அதை நம்பிப் பொருத்தினால் குரல் உதட்டை விட்டு விலகும்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு முறை மூன்று தட்டு. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் ஓடுகிறது, எந்த இரண்டும் அச்சாக ஒன்றுபோல் ஓடாது. பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லிநொடி விலகல். மூன்று மணி நேரத்தில் ஐந்து படத்துக்கு மேல்! முதல் தட்டும் கடைசித் தட்டும் கையில் இருந்தால் நடுவில் எவ்வளவு விலகியது என்று கணக்குப் போட்டு நேராக்கிவிடலாம்.

ஆறரை மணி

பூஜை முடிந்தது. விளக்குகள் எரிந்தன. வாத்தியார் முதல் அடியை எடுத்தார். ஒலிப்பதிவுக்காரர் ஒவ்வொரு தடமாக எனக்குத் திறந்து காட்டினார்.

முதலில் குரல் மட்டும். நடுத் தொண்டையில் லேசான கரகரப்பு, அடியின் கடைசியில் ஒரு மூச்சு. பிறகு நடு மைக்கை மெதுவாக ஏற்றினார். டப்! முதுகு சிலிர்த்தது. பூட்டிய அறை திறந்து வானம் வந்துவிட்டது. பிறகு காலடி மைக்குகள், இடது, வலது. தொம்... தொம்... மண்ணில் பாதம் பதியும் ஒலி, வளையல் குலுங்கும் ஒலி, சேலை உரசும் ஒலி, என்னைக் கடந்து இடமிருந்து வலமாகப் போகிறது! ஒரு சிறுமி அடுத்த அடியை மறந்துபோய்ப் பக்கத்தில் கேட்கிறாள். "இப்படித் திரும்பு சாமி" என்று ஒரு பாட்டியின் குரல் பதில் சொல்கிறது. எந்தக் கேமராவும் அதைப் பார்க்கவில்லை. பதிவில் அது இருக்கிறது!

மீட்டரில் பச்சை விளக்குகள் மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் துள்ளுகின்றன. டிஜிட்டல் பதிவில் பூஜ்யம் என்பது சுவர். அதில் மோதினால் ஒலி உடைந்துபோகும். அதனால் எப்போதும் இடம் விட்டுவைக்கிறார்கள். எந்த நேரத்தில் யார் வேட்டு போடுவார்கள் என்று தெரியாதே! அதே குரலைப் பத்து டெசிபல் குறைத்து இன்னொரு தடத்திலும் பதிகிறார், பெரிய தடம் உடைந்தால் சின்னது காப்பாற்றும். 2019இல் வந்த ஸூம் எஃப்6 போன்ற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் அளவு மீறியதையும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம், மைக்கே திணறாத வரைக்கும். நல்ல தரமான 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் பதிவுக்கு ஒரு மைக் ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொள்வது சுமார் 520 எம்பிதான். காப்புத் தடத்தையும் சேர்த்து ஐந்து தடம், மூன்று மணி நேரம்: எட்டு ஜிபிக்கும் கீழே. ஓர் ஊரின் சாயங்காலம் முழுவதும் விரல்நக அளவு கார்டில்!

ஓலப்பாளையத்து டேப்

நம் மண்ணில் இந்த வேலைக்கு ஒரு மூத்த கதை உண்டு. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். 1965இல் அங்கே அண்ணன்மார் சுவாமி கதையை, பொன்னர் சங்கர் தங்காள் கதையை, பாட்டுக்காரர்கள் இரவு இரவாகப் பாடியதை ரீல் டேப்பில் பதிந்துகொண்டார். ரோம உறையும் இல்லை, 32 பிட்டும் இல்லை. டேப்பைக் கடைசிவரை ஓடவிட்டார், அவ்வளவுதான். அந்த டேப்பிலிருந்து 1982இல் ஒரு நூல் வந்தது. அதன் பிறகு 26 பாகத்தில் அனிமேஷன் தொடர் வந்தது. கதை தாளில் ஏறினால் சொல் மிஞ்சும். டேப்பில் ஏறினால் பாடகர் எங்கே மூச்சு விட்டார், எங்கே அழுதார் என்பதும் மிஞ்சும். 1965இன் இரவுகளை இன்றைக்கும் கேட்க முடிகிறது என்றால் காரணம் மைக்கின் விலை அல்ல, பக்கத்தில் இருந்து பதிந்துவைத்த அக்கறை.

அந்த அக்கறையை நம்மாலும் காட்ட முடியும். பெரிய கருவி எதுவும் இல்லையா? மொபைல் போதும். இரண்டு மொபைல் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று தூரத்தில் நின்று படம் பிடிக்கட்டும், இன்னொன்று வாத்தியாருக்குக் கிட்டே, காற்றுக்கு மறைவாக, ஒலியை மட்டும் பதியட்டும். பதிவைத் தொடங்கியதும் ஊர், தேதி, வாத்தியார் பெயர் மூன்றையும் வாயால் சொல்லுங்கள். மூன்று தட்டு தட்டுங்கள். மெருகேற்றிய வீடியோ யூடியூபுக்குப் போகட்டும்; வெட்டாத முழு ஒலியை ஒரு பிரதி வாத்தியார் வீட்டிலும் ஒரு பிரதி கோயில் கமிட்டியிடமும் கொடுத்துவையுங்கள். வயதான வாத்தியார்கள் பலருக்குத் தெரிந்த அடிகள் எந்த நோட்டிலும் இல்லை, தொண்டையில்தான் இருக்கின்றன.

அடுத்த நோம்பிக்கு உங்கள் ஊரில் அரங்கேற்றம் வைக்கிறார்களா? கமிட்டிக் கூட்டத்தில் டிரோனுக்குப் பணம் ஒதுக்கும்போது எழுந்து நின்று கேளுங்கள்: "சத்தத்துக்கு யாருங்க வர்றாங்க?" யாரும் இல்லை என்றால், நீங்களே போய் நடுவில் நில்லுங்கள்!